சூடாக உள்ளே, குளிராக வெளியே: ஜீப் ஹீட்டர் சொல்லும் வெப்பப் பாடம்

நம் நாட்டில் காரில் ஏறியதும் கை குளிர்சாதனப் பொத்தானைத் தேடும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலோ ஜனவரியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. அங்கே ஹீட்டர் சொகுசுப் பொருள் அல்ல. முன்கண்ணாடியில் படியும் பனியை உருக்குவதும் அதுதான். அது பழுதானால் ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது.

1984 முதல் 2001 வரையிலான மாடல் ஆண்டுகளின் ஜீப் செரோக்கியை எடுத்துக்கொள்வோம். சேறு, மேடு எதிலும் ஏறும் வண்டி. வயதானதும் அதில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு: எஞ்சின் நன்றாக ஓடும், ஹீட்டரிலோ குளிர்காற்றே வரும். ஏன்?

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இந்த ஹீட்டருக்குள் நெருப்பும் இல்லை, மின்கம்பிச் சுருளும் இல்லை. எஞ்சினில் வீணாகும் வெப்பத்தைச் சுமந்துவரும் கூலண்ட் திரவம், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டரின் வழியாக ஓடுகிறது. இதை ‘ஹீட்டர் கோர்’ என்பார்கள். அதன்மீது விசிறி ஊதும் காற்று சூடாகி உங்களிடம் வருகிறது.

இரண்டு குழாய்களின் சாட்சி

எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். கையுறை அணிந்து, ஹீட்டருக்குப் போகும் குழாயையும் அங்கிருந்து திரும்பும் குழாயையும் தொட்டுப் பாருங்கள்.

1. இரண்டும் வெதுவெதுப்பு: கூலண்ட் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். அதனுள் இருக்கும் மெழுகு சுமார் 91 டிகிரியில் உருகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். எப்போதும் திறந்தே இருந்தால் எஞ்சின் சூடேறாது.

2. இரண்டும் சூடு: கோர் நலம். காற்றைத் திருப்பும் சிறுகதவோ அதை இழுக்கும் கம்பியோ பழுது.

3. ஒன்று சூடு, மற்றது குளிர்: கோர் அடைத்திருக்கிறது. சில மாடல்களில் குழாய் வழியில் உள்ள வால்வு மூடியபடி சிக்கினாலும் இதே அறிகுறிதான்.

மூன்றாவதைக் கேட்டதும், “சூடாகப் போய்க் குளிராக வந்தால், வெப்பம் முழுவதும் காற்றுக்குத்தானே போயிருக்கிறது?” என்று கேட்கத் தோன்றும். படிவம் 4 இயற்பியல் சூத்திரம் விடை தரும்: வெப்பம் = நிறை × தன்வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம்.

எளிமைக்காகக் கூலண்டைத் தண்ணீர் என்றே கொள்வோம். நல்ல கோரில் நிமிடத்துக்கு 5 கிலோகிராம் ஓடி, வெப்பநிலை 15 டிகிரி குறைகிறது என்க. 5 × 4200 × 15 = 315,000 ஜூல். அதாவது 5.25 கிலோவாட். அடைத்த கோரில் 1 கிலோகிராம்தான் ஓடுகிறது, ஆனால் 40 டிகிரி குறைகிறது என்க. 1 × 4200 × 40 = 168,000 ஜூல். அதாவது 2.8 கிலோவாட்தான். வெப்பநிலை மாற்றம் பெரிது, கிடைத்த வெப்பமோ ஏறக்குறைய பாதி. வெப்பநிலையும் வெப்பமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பழுது நீக்குதல்

செரோக்கியில் கோரை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அதனால் முதலில் கழுவிப் பார்ப்பது வழக்கம். எஞ்சின் ஆறியபின் இரு குழாய்களையும் கழற்றி, கூலண்டைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். பிறகு திரும்பும் பக்கத்திலிருந்து தண்ணீரை மெல்லச் செலுத்தினால், துருவும் சகதியும் வந்த வழியே வெளியேறும். அழுத்தம் கூடினால் பழைய கோர் வெடித்துவிடும். தெளிந்த நீர் வந்ததும், உள்ளே தங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். அது உறைந்து விரிந்தால் கோர் பிளந்துவிடும். பின்னர் எத்திலீன் கிளைக்காலும் நீரும் சம அளவு கலந்த கூலண்டை நிரப்ப வேண்டும். இக்கலவை சுழியத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரை உறையாது.

காருக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, ஈரமான கால்விரிப்பு இருந்தால் கோர் ஒழுகுகிறது. அப்போது கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கவனம்: சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று குறைந்து, திரவம் கொதித்துப் பீறிடும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

“வெயில் நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?” என்று இங்கே சிலர் அதைக் கழற்றிவிடுவதுண்டு. எஞ்சின் சரியான வெப்பநிலைக்கு வராமல் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பயிற்சி: நிமிடத்துக்கு 3 கிலோகிராம் நீர் ஓடி, 20 டிகிரி குறைந்தால் எத்தனை கிலோவாட்? (விடை: 4.2)