பழைய ஜீப் வண்டியின் ஸ்டியரிங் தேய்வும் அதன் பரிகாரமும்

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச்செல்லும் பழைய ஜீப் ஒன்று, நேரான சாலையிலேயே இடமும் வலமும் அலையுமாயின் அதனை வண்டியின் வயதென்று எண்ணி வாளாவிருத்தல் தகாது. சந்தைச் சாலையில் தொல்லையாக மட்டுமே இருக்கும் அவ்வாட்டம், புளியரை மலைப்பாதை வளைவுகளில் பாரத்துடன் இறங்குங்கால் உயிருக்கே கேடாக முடியும்.

1953-இல் வில்லிஸ் கம்பெனியார் வெளியிட்டு, பின்னர் மஹிந்திரா கம்பெனியார் இந்தியாவில் நெடுங்காலம் செய்துவந்த சி.ஜே. 3 பி வகை இங்கு உதாரணமாகக் கொள்ளப்படுகிறது. இதில் ஸ்டியரிங் பெட்டியின் கை டிராக் லிங்கையும், அது பெல் கிராங்கையும், அது இரண்டு டை ராடுகளையும் அசைத்துச் சக்கரங்களைத் திருப்புகின்றது. இடையில் ஆறு உருண்டை மூட்டுகள் உள்ளன. வயற்சேறும் சாரற்காலத்து ஈரமும் கோடைப்புழுதியும் கிரீஸுடன் கலந்து இவற்றை அரத்தைப்போல் அராவிவிடும்.

ஆட்டம் கண்டதும் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்குவதே பெரும்பாலோர் வழக்கம். இது பிழை. பெட்டியின் உட்புறப் பள்ளம் நடுவில் நெருக்கமாக அமைந்திருப்பதால், மிகுதியாக இறுக்கினால் ஸ்டியரிங் நடுவிற் பிடித்துக்கொள்ளும். வளைவினின்று தானே திரும்பி வாராது. பெட்டியும் விரைவிற் பழுதாகும். ஆதலின் பெட்டியைக் கடைசியிலேயே தொடவேண்டும்.

வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றொருவர் கீழிருந்து ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாதிருக்கும் மூட்டே தேய்ந்தது. டிராக் லிங்கின் முன்முனை அடைப்பானை உருண்டையின்மேல் நன்றாக இறுக்கி, அரைச்சுற்றுத் தளர்த்திப் புதிய காட்டர் பின் இடவேண்டும். பின்முனையில் ஒரு முழுச்சுற்றுத் தளர்த்தவேண்டும். உருண்டை முட்டைவடிவாகத் தேய்ந்திருந்தால் இறுக்குவதால் பயனில்லை. சிலர் அதில் வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுப்பர். வெப்பத்தால் எஃகின் உரம் குன்றி, கை ஓட்டத்திலேயே முறியக்கூடும். செலவைப் பாராது புதிய கையே போடுக.

பெல் கிராங்கு மேலும் கீழும் ஆடினால் அதன் பின்னையும் புஷ்ஷையும் மாற்றவேண்டும்.

பின்னர் முன் அச்சை ஜாக்கியில் உயர்த்திச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கிலும், நில்லாவிடில் கிங் பின் பேரிங்கிலும் உள்ளது. பின்னதற்கு மேலும் கீழும் சம கனமுள்ள ஷிம்களை எடுத்தல் வேண்டும். ஒருபக்கம் மட்டும் எடுத்தால் அச்சு நடுவினின்று விலகும்.

இவையெல்லாம் சரியான பிறகும் ஆட்டம் எஞ்சினால், டிராக் லிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, சிறு பிடிப்பு உணரும்வரை பெட்டித்திருகைத் திருப்புக. இறுதியாக முன்சக்கரங்களின் முன்புற இடைவெளி பின்புறத்தைவிட 3/64 முதல் 3/32 அங்குலம் குறைவாக இருக்குமாறு டை ராடுகளை அமைத்து, பிடிப்பான்களை இறுக்கி, எல்லா மூட்டுகளுக்கும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதிது ஏற்றவேண்டும்.