சம்ப்: வாங்குவதா, கட்டுவதா?

மடிப்பாக்கத்தில் மனை வைத்திருப்பவர்கள் சம்ப் பற்றி யோசிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் அங்கே எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி இது. ரெடிமேடா, கட்டுமானமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இதை எழுதுபவர் கட்டியது 12,000 லிட்டர் கான்கிரீட் சம்ப். “ரெடிமேட் வாங்கியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே மச்சான்” என்று மைத்துனர் இன்றும் சொல்கிறார். அதே தெருவில் அப்படி ஒரே நாளில் இறக்கிய 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை, கழுவுவதற்காக அடைமழைக் காலத்தில் காலி செய்தார்கள். மறுநாள் காலையில் அது மேலே எழும்பி, மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. 5,000 லிட்டர் தொட்டி முழுக்க நிலத்தடி நீரில் மூழ்கினால், நீர் அதை ஏறக்குறைய 5 டன் விசையோடு மேலே தள்ளும். வெறும் பிளாஸ்டிக்கின் எடை அதற்கு எம்மாத்திரம்? அடியில் கான்கிரீட் போட்டுப் பட்டை கட்டி இறுக்கியிருந்தால் அசைந்திருக்காது. விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

காலியாக இருந்தால் கான்கிரீட் தொட்டியையும் நீர் தூக்கப் பார்க்கும். ஆனால் அதன் எடை பெரிய காப்பு. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே அரை அடி நீட்டிவிட்டால், மேலே நிரப்பும் மண்ணும் சேர்ந்து அமுக்கிக்கொள்ளும்.

கம்பி கட்டுவதும் பலகை அடிப்பதும் எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். தளமும் சுவரும் சேரும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இந்த வீட்டு மேஸ்திரி தளத்துக்குக் கலவை கொட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர், காய்ந்து வழவழவென்று கிடந்த தளத்தின் மேலேயே சுவரை எழுப்பினார். கொத்திவிடவில்லை, சிமென்ட் பால் ஊற்றவில்லை, வாட்டர் ஸ்டாப்பரும் வைக்கவில்லை. பாதி தளத்திலும் பாதி சுவரிலும் புதைந்து தண்ணீரை மறிக்கிற பிவிசி பட்டை அது. மொத்தச் செலவில் அதன் விலை சொற்பம்.

கோடையில் லாரித் தண்ணீர் ஒரே இரவில் ஒரு சாண் இறங்கியது. மழைக்காலத்தில் வெளித்தண்ணீர் உள்ளே வந்தது. வாயில் வைத்தால் உவர்ப்பு. மூடியை வெகுநேரம் திறந்துவைத்து, காற்றோட்டம் வந்த பிறகு இறங்கி டார்ச் அடித்ததில், வடக்குச் சுவரின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. துடைத்த இடத்தில் மறுபடி மறுபடி நீர் முத்து முத்தாகக் கோத்தது. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இருப்பதும் அந்தப் பக்கம்தான். விரிசலைக் கொத்தி, ஊசி வழியாகக் கலவை ஏற்றி, திரும்பப் பூசி முடித்ததில் சம்ப் கட்டிய பணத்தில் பாதி மறுபடியும் போனது.

கான்கிரீட் தரத்துக்கு “எம்20 போதும் சார்” என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், கடலோரப் பகுதியில் நீர்த்தொட்டிக்கு ஐஎஸ் 3370 தரநிலை கேட்பது குறைந்தது எம்30. குழியைக் கோடையிலேயே தோண்டுங்கள். வெளியே மண் தள்ளுவதற்கும் உள்ளே பூசுவதற்கும் முன்னால் நிறைய நீர் நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு ஒரு வாரம் பாருங்கள். வெளிச்சுவரில் ஈரம் தெரிந்தால் மேஸ்திரியின் கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள்.

ஒரே வார்ப்பில் வரும் ரெடிமேட் கான்கிரீட் சம்ப்பில் இந்த இணைப்புத் தொல்லை இல்லை. ஆனால் கிரேன் நுழையத் தெரு அகலம் வேண்டும், தலைக்கு மேல் ஈபி கம்பி இருக்கக் கூடாது. நம் தெருக்களில் இரண்டும் அமைவது அபூர்வம்.

மொட்டைமாடிக்கு பிளாஸ்டிக் தொட்டியே சரி. ஐஎஸ் 12701 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1,000 லிட்டர் தண்ணீரே ஒரு டன் கனம் என்பதால், தொட்டியைத் தூணும் பீமும் தாங்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிளம்பர் தனக்கு வசதியான மூலையைக் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.