மாட்டின் வயிற்றில் பிறக்கும் எரிவாயு

செம்பனை நிழலில் மேய்ந்து திரும்பும் மாடு, மாலையில் கொட்டிலில் படுத்தவாறே அசைபோடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாம் உண்டால் செரிக்காத புல்லை அது பாலாக மாற்றுவது எங்ஙனம்?

உண்மையில், புல்லின் நாரைச் செரிக்கும் ஆற்றல் மாட்டுக்கும் இல்லை. அவ்வேலையைச் செய்வன அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. மாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதல் அறையே மிகப் பெரியது. வளர்ந்த பசுவில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். பிராணவாயு அரிதாகிய அவ்விடத்தில், கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் நாரைச் சிதைத்து, மாட்டுக்கு வலிமை தரும் அமிலங்களை உண்டாக்குகின்றன. அப்பொழுது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன.

ஹைட்ரஜன் அங்கேயே தேங்கினால் செரிமான வேலை தளர்ந்துவிடும். அதனை அகற்றுவதற்கென்றே வேறொரு கூட்டம் அங்கு வாழ்கின்றது. அவ்வுயிர்கள் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் என்னும் எரிவாயுவாக்கி, அதனால் தாமும் பிழைக்கின்றன. இவையும் பாக்டீரியாக்களே என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இவை ஆர்க்கியா எனப்படும் தனிக் குலத்தைச் சார்ந்தவை என்பதை, 1977ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கார்ல் வோஸ் குழுவினர் புலப்படுத்தினர்.

இவ்வாயுவின் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகின்றது. ஏப்பம் தடைப்பட்டால் மாட்டின் இடப்பக்க வயிறு உப்பி, மூச்சுத் திணறி, மாடு இறக்கவும் நேரிடும். ஆகவே பெற்றோர்களே, வயிறு உப்புசத்தைக் கண்டவுடன் காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

மீத்தேனால் இருவகை இழப்பு உண்டு. தீவனத்தில் உள்ள ஆற்றலில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை பாலாகாமல் காற்றோடு போகின்றது. மேலும், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோகிராம் மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடேற்றுகின்றது. ஆயினும் அது காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுகளே நிலைத்திருக்கும். எனவே, இன்று அதனைக் குறைத்தால் அதன் பயனை நம் பிள்ளைகளே காண்பர்.

இதற்காக ஏழைக் குடும்பத்திற்குப் பால் தரும் பசுவைப் பழித்தல் தகாது. முற்றிய லாலான் புல்லை மட்டும் தின்னும் மாடு, கறக்கும் பாலின் அளவுக்கு மிஞ்சி வாயுவை வெளியிடும். இளம்புல்லும், அளவறிந்து இடும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கும், நோயற்ற உடலும் அமைந்தால் பால் பெருகும். ஒரு லிட்டர் பாலுக்கு உண்டாகும் மீத்தேனும் குறையும். நல்ல தீவனம் வீட்டுக்கும் நலம், நாட்டுக்கும் நலம்.

சாணத்தையும் வீணாக்கலாகாது. காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் நீரையும் கலந்து அடைத்து வைத்தால், அங்கும் இத்தகைய நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அதனைக் குழாய்வழி அடுப்புக்குக் கொணர்ந்து சமைக்கலாம். எஞ்சும் சாணக் கரைசல் காய்கறித் தோட்டத்திற்குச் சிறந்த உரமாகும்.

கண்ணுக்குப் புலப்படாத உயிரும் ஓயாது உழைக்கின்றது. அவ்வுழைப்பின் பயன் வீணாகாமல் காப்பது அறிவுடைய நம் கடமையன்றோ!