ஊர்கூடி எழுதிய இசைப்பட்டியல்

நுழையும்முன்

ஒரு பாடல் நெஞ்சைத் தொட்டால், அதைப் பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று அறிய விழைவது மனித இயல்பு. இன்று கைப்பேசித் திரை அவ்விவரங்களை நொடியில் காட்டிவிடுகிறது. அவற்றைத் திரட்டித் தந்தவர்கள் யாவர்? பலர் சேர்ந்து திரட்டிய அறிவு யாருக்கு உரியது? இணைய இசைத் தரவுத்தளங்களின் வரலாறு இவ்வினாக்களைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

பெயர் அறியாத குறுந்தகடு

இசைக் குறுந்தகடு 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. ஒலியைத் துல்லியமாகத் தாங்கிய அத்தகட்டில் பாடலின் பெயரோ பாடகரின் பெயரோ பதிவு செய்யப்படவில்லை. எத்தனை பாடல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்னும் குறிப்பு மட்டுமே அதில் இருந்தது. உறையில் அச்சிட்டிருந்த விவரங்களைக் கண்ணால் படிக்கலாம். கணினியால் அறிய இயலாது.

இக்குறையைப் போக்க எளிய வழி ஒன்று கண்டறியப்பட்டது. தகட்டில் ஒரு நொடி 75 கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. எனவே பாடல்களின் தொடக்க இடங்களை மிக நுட்பமாகக் கணக்கிடலாம். அவ்விடங்களின் வரிசை பெரும்பாலும் ஒரு தகட்டுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபடும். அவ்வெண்களிலிருந்து ஓர் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, அதனோடு பெயர்ப்பட்டியலை இணைத்துவிட்டால், அடுத்த முறை அதே தகட்டைக் கணினி இனங்கண்டுகொள்ளும்.

பயனர்களின் கொடை

1993ஆம் ஆண்டு டி கான் என்பவர் கணினியில் குறுந்தகடுகளை இயக்கும் எக்ஸ்எம்சிடி என்னும் மென்பொருளை எழுதினார். அதற்குத் துணையாகப் பெயர்ப்பட்டியல் ஒன்றும் அமைந்தது. பயனர்கள் தம்மிடமிருந்த தகடுகளின் விவரங்களைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினர். பின்னர் ஸ்டீவ் ஷெர்ஃப் என்பவரின் துணையோடு அப்பட்டியல் இணைய வழங்கிக்கு மாறியது. இவ்வாறு உருவானதே சிடிடிபி என்னும் தரவுத்தளம். ஒருவர் ஒருமுறை உள்ளிட்ட விவரம், அதே தகட்டை வைத்திருந்த அனைவருக்கும் பயன்பட்டது.

வேலி எழுந்தது

பயன்பாடு பெருகியபோது வழங்கிகளை நடத்தும் செலவும் பெருகியது. 1998ஆம் ஆண்டு சிடிடிபி ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு கிரேஸ்நோட் எனப் பெயர் மாறியது. 2001ஆம் ஆண்டு முதல் உரிமம் பெறாத மென்பொருள்கள் அதனை அணுக முடியவில்லை. ஊதியம் கருதாமல் விவரங்களை அளித்தவர்களுக்கு இது மனக்குறையாயிற்று. ஊர்கூடி வெட்டிய குளத்தைச் சுற்றி வேலி எழுந்ததைப் போன்றது அவர்கள் நிலை.

ஆயினும் சிடிடிபியின் முந்தைய தரவு திறந்த உரிமத்தில் வெளியாகியிருந்தது. அதனை அடித்தளமாகக் கொண்டு ஃப்ரீடிபி என்னும் தளம் தோன்றியது. 2020ஆம் ஆண்டு அத்தளம் மூடப்பட்டபோதும் தரவு அழியவில்லை. ஜினுடிபி என்னும் மற்றொரு தளம் அப்பணியைத் தொடர்ந்தது. நிறுவனம் மறைந்தாலும் அறிவு மறையாதிருக்கத் திறந்த உரிமம் துணைநின்றது.

மியூசிக்பிரைன்ஸ்

இவ்வனுபவத்தின் பயனாக, ராபர்ட் கே என்பவர் மியூசிக்பிரைன்ஸ் என்னும் தரவுத்தளத்தைத் தொடங்கினார். அதனை நடத்த 2004ஆம் ஆண்டு மெட்டாபிரைன்ஸ் என்னும் இலாப நோக்கற்ற அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் அடிப்படைத் தரவு பொதுவுடைமையாக்கப்பட்டுள்ளது; எவரும் முழுமையாகப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். பங்களிப்பாளர்கள் செய்யும் திருத்தங்களுள் பல, ஏழு நாள்கள் வரை மற்றவர்களின் வாக்குக்கு விடப்படுகின்றன.

இத்தரவுத்தளம் படைப்பு, பதிவு, வெளியீடு ஆகியவற்றை வேறுபடுத்துகிறது. தமிழ்த் திரையிசையில் ஒரே பாடலை ஆண்குரலிலும் பெண்குரலிலும் தனித்தனியே பதிவு செய்யும் வழக்கம் உண்டு. அங்குப் படைப்பு ஒன்று, பதிவுகள் இரண்டு, அவை இடம்பெறும் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகிய வெளியீடுகளோ பல. இயற்றியவரின் பெயர் படைப்போடும், பாடியவரின் பெயர் பதிவோடும் இணைக்கப்படுவதால் ஒருவரின் உழைப்பு மற்றொருவரின் பெயரில் மறைவதில்லை.

ஒவ்வொரு கலைஞருக்கும் 36 எழுத்துருக்கள் கொண்ட தனி அடையாளக் குறியீடு வழங்கப்படுகிறது. தமிழ்ப் பெயர் ஒன்றை ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதுவர். ஒரே பெயரில் இருவர் இருப்பதும் உண்டு. பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் குறியீடு மாறாது. மாற்று வடிவங்களையும் அதனுடன் சேர்த்துப் பதியலாம்.

பயன்கள்

பெயரற்றுக் கிடக்கும் ஒலிக்கோப்புகளுக்கு உரிய பெயரிட பிக்கார்டு என்னும் மென்பொருள் உதவுகிறது. மனிதரைக் கைரேகையால் அறிவதுபோல, ஒலியின் தன்மையைக் கொண்டே பாடலை இனங்காணும் ‘ஒலிரேகை’ முறை இதற்குத் துணைபுரிகிறது. பிபிசி நிறுவனம் தன் இசைப் பக்கங்களுக்கு மியூசிக்பிரைன்ஸ் தரவைப் பயன்படுத்தியுள்ளது. இசை வரலாற்றை ஆய்வோர்க்கும் நூலகங்களுக்கும் இது சிறந்த கருவியாகும்.

பலர் கூடி உருவாக்கும் அறிவுக்குத் திரட்டும் உழைப்பு மட்டும் போதாது. அது யாருக்கு உரியது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக வரையறுப்பதும் இன்றியமையாதது. ஒரு கலைஞரின் பெயரைப் பிழையின்றிப் பதிந்து, அப்பதிவை அனைவருக்கும் திறந்து வைப்பது அவர்தம் கலைக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்குப் பிடித்த பாடல் ஒன்றின் படைப்பு, பதிவு, வெளியீட்டு விவரங்களைத் திரட்டி அட்டவணைப்படுத்துக.
2. ‘பலர் சேர்ந்து உருவாக்கும் தரவு யாருக்கு உரியது?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.