ஆற்றோரக் கடையும் ஷாம்பு சரமும்



குற்றாலச் சீசனும் பாபநாசத்து அமாவாசைக் கூட்டமும் நம் பகுதிக் கடைகளுக்குப் பெரிய வரவு. மொத்த வியாபாரியான நானும் அந்தக் கூட்டத்தை நம்பிச் சரக்குப் போட்டவன்தான். ஆடி அமாவாசைக்கு முன்பே ஷாம்பு சரமும் சோப்பும் ஆற்றோரக் கடைகளுக்கு ஏற்றிவிடுவேன். காலி உறைகள் எங்கே போகின்றன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவர்கள் ஊர்மக்கள்.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர். இதைக் காக்க எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு வழக்குத் தொடர்ந்தார். 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஆற்றை நேரில் வந்து பார்த்தனர். 2025இல் பாபநாசம் கோயில் பகுதியில் ஆற்றங்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் சோப்பு, ஷாம்பு விற்க நீதிமன்றம் தடை விதித்தது.

"நம் பிழைப்பில் கை வைக்கிறார்களே" என்று சிலர் வருந்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியூர்ப் பயணி ஒருநாள் வாடிக்கை. உள்ளூர்க் குடும்பம் ஆயுள் வாடிக்கை. இத்தாலியின் வெனிஸ் நகரில் கூட்டம் பெருகி, குடியிருந்தவர்கள் வெளியேற, அன்றாடச் சாமான் விற்ற கடைகள் குறைந்து நினைவுப்பொருள் கடைகள் பெருகின. 2024இல் அங்கே பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். ஊர் காலியானால் மளிகைக்கு யார் வருவார்?

சரக்கை நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அன்று சொன்ன காரணங்களில் நீர்வளச் சுரண்டலும் ஒன்று.

நாம் செய்ய வேண்டியவை:

1. தடை உள்ள இடத்துக் கடைகளுக்கு மொத்த வியாபாரிகள் சோப்பும் ஷாம்பு சரமும் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டுச் சில்லறைக் கடைக்காரரை மட்டும் அபராதத்தில் மாட்டிவிடுவது நியாயமல்ல.

2. அந்த வரவுக்கு ஈடாகக் கருப்பட்டி, பத்தமடைப் பாய், துணிப்பை விற்கலாம். பயணி ஊருக்கு எடுத்துப் போகும் பொருள் ஆற்றில் விழாது.

3. கடை வாசலில் ஒரு குப்பைக் கூடை. "துணிகளை ஆற்றில் விடாதீர்கள்" என்று ஓர் அட்டை.

சென்ற ஆடியில் ஆற்றோரக் கடைகளுக்கு நான் சரம் அனுப்பவில்லை. வரவு குறைந்தது உண்மை. கடை மூடிப் போகவில்லை. நம் கல்லாவில் விழும் காசும் இந்த ஆற்றுத் தண்ணீர் குடிப்பவர்களின் காசுதான்.