கடிகாரம் சொன்னால் உட்கார வேண்டும்

இடுப்புவலி வந்து ஆறாவது வருடம்தான் உளவியலாளர் ஒருவரிடம் பேசினேன். அதற்குள் இரண்டு ஸ்கேன், மூன்று இடத்தில் பிசியோதெரபி, எண்ணெய்க் கட்டு எல்லாம் ஆகியிருந்தது. கடைசியாகப் பார்த்த மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன். நான் நடிக்கிறேன் என்று சொன்னது போலத்தான் இருந்தது.

அதனால் பிசியோதெரபி செய்த பெண்ணே உளவியலாளரைப் பார்க்கச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். என் ஊர் தென்காசிப் பக்கம், உளவியலாளர் சென்னையில். வாரம் ஒருநாள் வீடியோ காலில் ஐம்பது நிமிடம், மொத்தம் பத்து வாரம். முதல் நாளே அவர், "உங்க வலி நிஜம். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் முன்வைத்த 'வாசல்' கொள்கையைச் சொல்லி விளக்கினார். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத் தண்டில் வாசல் போல ஓர் ஏற்பாடு இருக்கிறது. பயமும் தூக்கமின்மையும் அதை அகலத் திறக்கும், மனம் வேறொன்றில் லயித்தால் அது கொஞ்சம் சாத்திக்கொள்ளும். ஆறு வருடத்தில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு அதிகம் உதவியது கடிகாரம். வலி குறைந்த நாளில் பாத்திரம், துணி, பரண் என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வேன். அடுத்த மூன்று நாள் படுக்கை. அவர் மூன்று நாள் குறித்துவைக்கச் சொன்னார். வலி கூடும் வரை அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது? 14, 16, 15 நிமிடம். சராசரியில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12. போனில் 12 நிமிட அலாரம். அடித்ததும் தோசைக்கல்லில் தோசை இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டும், வலி இல்லாவிட்டாலும். அந்தக் கடைசி வார்த்தைதான் கஷ்டம். "நல்லாத்தானே நிக்கிற, ஏன் உக்கார்ற?" என்று அத்தை கேட்பார்கள். வலி வந்த பிறகு உட்கார்ந்தால், உடம்பு வலிக்குக் கட்டுப்பட்டே பழகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டினோம்.

வீட்டிலிருந்தே பேசுவதில் எனக்கு மிகப் பெரிய வசதி, படுத்துக்கொண்டு பேசலாம். நேரில் போவதானால் ரயிலில் ஓர் இரவு உட்கார வேண்டும். அதிலேயே இடுப்பு போய்விடும். சங்கடம், தனிமை கிடைக்காதது. முதல் இரண்டு வாரம் அத்தை பக்கத்து அறையில் இருந்ததால் பாதி விஷயத்தை விழுங்கினேன். பிறகு ஹெட்போனோடு மாடிக்குப் போனேன். நீங்களும் முதலிலேயே அந்த இடத்தைத் தேடிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சாட்டில் எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன். சிக்னல் போனால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்பே பேசிவையுங்கள்.

உளவியலாளரிடம் பேசுவதால் வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இந்தச் சிகிச்சையில் வலி குறைவது சிறிதளவுதான் என்கிறார்கள். எனக்கும் வலி இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கால் மரத்துப் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே ஆஸ்பத்திரிதான், வீடியோ கால் இல்லை. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

குனிந்தால் டிஸ்க் பிதுங்கிவிடும் என்ற பயத்தில் நான் கோலம் போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டுதான், உளவியலாளரும் நானும் குனிந்து பழகுவதைத் தொடங்கினோம். முதல் வாரம் ஸ்டூலில் இருந்து டம்ளரை எடுப்பது, அடுத்து தரையில் இருந்து செருப்பு, அப்புறம் மனையில் உட்கார்ந்து நாலு புள்ளி. ஒவ்வொன்றிலும் பயம் பத்துக்கு எத்தனை என்று முன்னும் பின்னும் எழுதச் சொன்னார் உளவியலாளர். செருப்பை எடுக்கும்முன் 8, எடுத்தபின் 4. அந்த 4ஐப் பார்த்து நான் அழுதேன், அவர் பேசாமல் காத்திருந்தார்.

இந்தத் தைப் பொங்கலுக்கு ஒன்பது புள்ளிக் கோலம். மூன்று தவணையாகப் போட்டேன், நடுநடுவே திண்ணையில் உட்கார்ந்து. அலாரம் அடித்தபோது கடைசி இழை பாக்கி இருந்தது. அத்தைதான் மாவுக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உக்காரு, அப்புறம் போடலாம்" என்றார்கள்.