ஐப்பசி மழைக்கு முன் ஜெனரேட்டரைத் திறந்து பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது. இனி வருவது குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கும் கொடைக்கானலுக்கும் உரிய மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் மெக்கானிக்கும் வர மாட்டார், உதிரி பாகமும் வராது. எனவே வீட்டிலோ கடையிலோ சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை இந்த வாரமே வெளியே எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கோவைக் கடையில் ஒரே இழுப்பில் பிடித்த இன்ஜின், ஊட்டிக்கு வந்ததும் திணறும். கரும்புகை விடும், மிஸ்ஸிங் அடிக்கும், பக்கத்தில் நின்றால் பெட்ரோல் நெடி வரும். வண்டியில் ஏற்றி வந்ததில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது கீழ்நாட்டுக் காற்றுக்கு அளவெடுத்த இயந்திரம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் ஒவ்வொரு முறையும் அதே கன அளவு காற்றைத்தான் உறிஞ்சுகிறது, ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் குறைவு. கார்புரேட்டர் பெட்ரோலையும் அதே விகிதத்தில் குறைத்திருந்தால் பிரச்சினை இல்லை. காற்று குறைகிற அளவில் ஏறக்குறைய பாதிதான் பெட்ரோல் குறைகிறது. மிச்சம் எரியாமல் போகிறது. அது பிளக்கில் கரியாகப் படிகிறது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடுகிறது, சைலன்சர் வழியே விஷப்புகையாக வெளியேறுகிறது.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். காற்றே குறைவான ஊரில் அடைத்த ஃபில்டர் இருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றியும் பயனில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பிறகு வழக்கமான லோடு கொடுத்துக் கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் கலவை சரி. அடுப்புக்கரிபோல உலர்ந்த கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு. அது இன்னும் ஆபத்தானது, அப்படியே ஓட்டாதீர்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பிளக் கருத்தால் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குள், நடுவில் திருகியிருக்கும் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டுதான் அது. அதன் மேல் எண் பொறித்திருக்கும். 1,500 மீட்டருக்கு மேல் ஓட்டுவதானால் சிறிய ஜெட் போடச் சொல்லித் தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வாசகர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். ஏற்காடு அந்த எல்லையில் நிற்கிறது. அங்கே பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். உங்கள் மாடல் எண்ணையும் ஊரின் உயரத்தையும் சொல்லி, சர்வீஸ் சென்டரில் உயரப் பகுதிக்கான ஜெட் கேளுங்கள். புதிய ரப்பர் வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

கை பழகியவர்கள் நீங்களே மாற்றலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பெட்ரோல் குழாயை மூடி கிண்ணத்தை வடித்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. பித்தளை மென்மையானது, பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் தலை சிதைந்துவிடும். பழைய ஜெட்டின் துளைக்குள் செப்பு இழையைச் செருகிச் சிறிதாக்கித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துளையின் அளவு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக இருக்க வேண்டிய பொருள் அது.

இன்னொன்றையும் மறுத்துவிடுங்கள். இன்ஜின் இழுக்கவில்லை என்றால் கவர்னர் திருகைத் திருப்பி வேகத்தை ஏற்றிவிடுவது சிலருக்குப் பழக்கம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இந்தச் சாதாரண ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டும். வேகத்தை ஏற்றினால் ஹெர்ட்ஸும் வோல்டேஜும் சேர்ந்து ஏறும். எங்கள் வீட்டில் ஒரு முறை அப்படி ஏற்றிவிட்டுப் போனார்கள். அன்றிரவே ரூட்டரும் இரண்டு பல்புகளும் எரிந்து போயின.

ஜெட்டை மாற்றிய பிறகு பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜெட் கலவையைத்தான் சரிசெய்யும், காற்றைத் திருப்பித் தராது. ஜெட் மாற்றிய இன்ஜினும் 300 மீட்டருக்குச் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி இழக்கும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 2,000 வாட் என்று எழுதிய இயந்திரம் ஊட்டியில் ஏறக்குறைய 1,500 வாட்தான் தரும். குன்னூரில் அதைவிடச் சற்றுக் கூடும். அதனால் ரூம் ஹீட்டரையும் கீசரையும் இதில் மாட்டவே கூடாது. ஃபிரிட்ஜ், சில எல்.இ.டி. விளக்குகள், ரூட்டர், போன் சார்ஜர் என்று இன்றே பட்டியல் போட்டு, வாட்டைக் கூட்டிப் பாருங்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எனவே ஃபிரிட்ஜை முதலில் போட்டு, அது சீராக ஓடிய பிறகு மற்றவற்றைப் போடுங்கள். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய மாடல்கள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். டீசலில் இந்த ஜெட் கிடையாது. இரண்டிலும் சக்தி குறையும் என்பதில் மாற்றமில்லை.

எங்கே வைப்பது என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மலை வீடுகளில் சமதளம் அரிது, ஆனால் ஜெனரேட்டருக்கு அது வேண்டும். சாய்வாக வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் இல்லை என்று சென்சார் நினைத்து இன்ஜினை நிறுத்திவிடும். மழைக்கு மேலே மட்டும் கூரை போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும்.

குளிருக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்துத் தூங்குகிறவர்கள் நாம். மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உயிரிழந்தவர்களைப் பற்றிக் குளிர்காலந்தோறும் செய்தி படிக்கிறோம். பெட்ரோல் அதிகமாகக் கலந்து ஓடும் இன்ஜின் அதே கார்பன் மோனாக்சைடை இன்னும் ஏராளமாக வெளியேற்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வராந்தா, விறகுக் கொட்டகை, கார் ஷெட் மூன்றும் கூடாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வையுங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் எல்லோரும் உடனே வெளியேறுங்கள்.

இரு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் பெருகி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக அந்தப் பக்கம் போகும். அங்கே மழையில் நனைந்தபடி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி, கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பவர் நமக்காக வந்த மின்வாரிய ஊழியர். முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் போதும். அதுவரை சாதனங்களை ஜெனரேட்டரிலேயே நேரடியாக மாட்டிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது. அது பனிமூட்டத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போன வருடம் மிச்சம் வைத்த பெட்ரோல் டேங்கில் இருந்தால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒரு முறை லோடோடு பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

கழற்றிய பழைய ஜெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த ஜெனரேட்டர் போக நேர்ந்தால், சிறிய ஜெட்டோடு கீழே ஓட்டும்போது பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறி பிஸ்டன் வரை பழுதாகும். பழைய ஜெட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாற்றிய தேதியையும் இரண்டு எண்களையும் எழுதி, கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள்.